பழைய மரச்சட்ட வீடுகளுக்குச் சீமெந்து பூசாதீர்கள்

ஜேர்மனியில் ஃபாக்வேர்க் வீடுகளை வாங்கியிருக்கும் எம்மவர்களுக்கும், அவற்றைத் திருத்திக் கொடுக்கும் எங்கள் கட்டடத் தொழிலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடைய உறவுகளே,

பெரிய நகரங்களில் வீட்டு விலை எங்கள் கைக்கெட்டாத உயரத்துக்குப் போன பிறகு, எங்களில் பலர் சிறு நகரங்களின் பழைய கடைத்தெருக்களில், தேவாலயத்தைச் சுற்றிய ஒடுங்கிய ஒழுங்கைகளில், கறுத்த மரச்சட்டங்களும் வெள்ளைச் சுவர்க் கட்டங்களுமாக நிற்கும் ஃபாக்வேர்க் வீடுகளை வாங்கத் தொடங்கியிருக்கிறோம். நானும் அப்படி வாங்கியவன்தான். கடந்த இரண்டு ஆண்டுகளில் எம்மவர்களின் வீடு குடிபூரல்களுக்குப் போன இடங்களில் மூன்று வீடுகளின் வெளிச்சுவரைக் கையால் தட்டிப் பார்த்தேன். மூன்றிலும் மண் இருந்த இடத்தில் புதிய சீமெந்து இருந்தது. விருந்துக்குப் போன இடத்தில் சொல்ல வாய் வரவில்லை. அப்போது சொல்லாமல் விட்டதை இந்த மடலில் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். 2009இல் நாங்கள் வாங்கிய வீட்டின் வாசல் மேல்மரத்தில் 1768 என்று செதுக்கியிருக்கிறது. தெருவைப் பார்த்த மேற்குச் சுவரில் கீழ்த்தளத்துக் கட்டங்கள் சில வெடித்திருந்தன. விரலால் சுரண்டினால் மண் பொடியாக உதிர்ந்தது. கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் கேட்டபோது, உதிரும் மண்ணைத் தட்டியெடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்துச் சீமெந்துச் சாந்து பூசும்படியும், மரமும் சுவரும் சேரும் இடத்தைச் சிலிக்கோனால் அடைக்கும்படியும், அதற்கு மேல் மழை ஏறாத பிளாஸ்டிக் பெயின்ற் இரண்டு முறை அடிக்கும்படியும் சொன்னார்கள். மச்சானும் நானும் மூன்று சனிக்கிழமைகளில் அதைச் செய்து முடித்தோம். முடித்த அன்று வீடு கல்யாண வீடுபோலப் பளிச்சென்று நின்றது. படம் எடுத்து ஊருக்கும் அனுப்பினேன்.

ஏழாம் ஆண்டு உட்சுவரின் அடியில் தேநீர் சிந்தியதுபோல ஒரு கறை வந்தது. பழைய வீடுகளை மட்டுமே திருத்தும் முதிய ஜேர்மன் தச்சர் ஒருவரை அழைத்தோம். அவர் தெருவில் முழந்தாளிட்டு, அத்திவாரக் கல்லின் மேல் கிடக்கும் ஓக் அடிமரத்தில் ஒரு திருப்புளியை வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். ஊறிய பாணுக்குள் கத்தி போவதுபோல அது பிடிவரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது ஈரமான பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டரை நூற்றாண்டு மழையையும் பனியையும் தாங்கிய மரத்தை என்னுடைய ஏழு ஆண்டுப் பூச்சு உக்க வைத்துவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்பதை விளங்கிக்கொள்ள, இந்த வீடு எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நாங்கள் ஊரில் பழகிய கல்வீட்டில் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. ஃபாக்வேர்க்கில் சுவர் எதையும் சுமப்பதில்லை. நிலத்திலிருந்து சற்று உயர்த்திய கல்வரிசையின் மேல் அடிமரம் கிடக்கிறது. அதில் நிமிர்ந்த தூண்கள் ஊன்றியிருக்கின்றன. தூண்களின் தலையில் மேல்வளை ஓடுகிறது. இடையில் குறுக்குச் சட்டங்களும், காற்றுக்கு வீடு சரியாமல் பிடித்திருக்கும் சாய்சட்டங்களும் உள்ளன. மாடியின் பாரமும் கூரையின் பாரமும் இந்த மரங்கள் வழியாகவே கல்லுக்கு இறங்குகின்றன. கட்டங்களுக்குள் இருக்கும் மண் வெறும் அடைப்பு. ஆகவே ஒரு கட்டத்து மண் முழுவதும் விழுந்தாலும் வீடு நிற்கும், ஆனால் அடிமரம் உக்கினால் அதன் மேல் நிற்கும் தூண் இறங்கும், தூணோடு மாடியும் இறங்கும். நான் சுவரைக் காப்பாற்றப் போய் மரத்தைக் கொன்றேன் என்று தச்சர் சொன்னபோது, இந்த வேறுபாட்டைத்தான் சொன்னார்.

இந்தச் சட்டகத்தை ஆக்கிய விதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் வியப்புத்தான். ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, மற்ற மரத்தில் குடைந்த துளைக்குள் செலுத்தி, இரண்டையும் ஊடறுத்து ஓக் ஆணி அடித்திருக்கிறார்கள். ஓக்கைப் பெரும்பாலும் பச்சையாக இருக்கும்போதே செதுக்கினார்கள். காய்ந்து சுருங்கும்போது பொருத்துகள் இறுகின. எங்கள் வீட்டுத் தூண்களின் பக்கத்தில் உளியால் வெட்டிய கோடுகள் இருக்கின்றன. சிறுபிள்ளைகள் கீறியவை என்று நான் நினைத்திருந்தேன். அவை தச்சர்கள் இட்ட இலக்கங்கள். வீடு முழுவதையும் முதலில் தச்சுக் களத்தில் கிடையாகப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு பொருத்துக்கும் ரோம இலக்கம் வெட்டி, பிறகு கழற்றி வண்டியில் ஏற்றி, தெருவில் கொண்டுவந்து நிமிர்த்தியிருக்கிறார்கள். மூன்று கோடு வெட்டிய தூண், மூன்று கோடு வெட்டிய துளையில்தான் போய் நிற்கும். உங்கள் வீட்டிலும் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் எங்காவது இருக்கும். மெருகேற்றுகிறோம் என்று மரத்தை இயந்திரத்தால் தேய்க்கும் அன்று முதலில் அழிந்துபோவது இந்தக் கோடுகள்தான்.

இனி மண்ணுக்கு வருகிறேன். தச்சர் எங்கள் சுவரில் நான் கைவைக்காத ஒரு கட்டத்தைத் திறந்து காட்டினார். மேலும் கீழும் உள்ள சட்டங்களில் வெட்டிய காடிகளில் ஓக் கம்புகள் நிமிர்ந்து நின்றன; அவற்றின் ஊடே மெல்லிய கொப்புகளைப் பாய் இழைப்பதுபோல முன்னும் பின்னுமாகப் பின்னி, இரண்டு பக்கத்திலிருந்தும் வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பியிருந்தார்கள். நான் அவரிடம் ஒன்றும் பேசாமல் நின்றேன். வன்னியில் என் அம்மம்மாவின் வீட்டுச் சுவர் இதுதான். தடி நட்டு, வரிச்சுக் கட்டி, குழைத்த மண்ணை இரண்டு பக்கமும் அடைப்பதை நான் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறேன். மண் மிதித்தும் இருக்கிறேன். ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், எங்களை ஒருபோதும் கண்டிராத ஒருவர், ஓக்கும் கொப்பும் வைக்கோலும் கொண்டு அதே சுவரை எழுப்பியிருந்தார். மண்ணின் உட்பக்கத்தில் நான்கு விரல்கள் அழுத்திய தடம் அப்படியே இருந்தது. வைக்கோல் இன்னமும் மஞ்சளாக இருந்தது.

அந்த வைக்கோல் மஞ்சளாக இருந்ததற்குக் காரணம் மண்தான். மரத்தைவிடக் களிமண் தன்னுள் குறைந்த ஈரத்தையே வைத்திருக்கும். ஆகையால் மரத்தோடு ஒட்டியிருக்கும் களிமண், மரத்திலுள்ள மிகை ஈரத்தைத் தன் பக்கம் இழுத்து, காற்றும் வெய்யிலும் படும் வெளிமுகத்தால் வெளியே விடுகிறது. மழை பெய்தால் இந்தச் சுவர் நனையும்; நனைவது குற்றமல்ல. நனைந்தது காய வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மேலே அடித்த சுண்ணாம்பும் ஈரத்தை வெளியேற விடும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 வீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பற்றத் தொடங்கும். அந்த எல்லைக்குக் கீழே மரத்தை வைத்திருப்பதுதான் களிமண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்யும் வேலை.

சீமெந்து இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மரம் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும், சீமெந்து அசையாது. முதலாம் ஆண்டே இரண்டுக்கும் இடையில் மயிரிழை அகலத்தில் ஒரு வெடிப்பு விழுகிறது. காற்றோடு அடிக்கும் மழை அந்த இழைக்குள் உறிஞ்சப்பட்டு உள்ளே போகிறது. மண்ணாக இருந்தால் அதைக் குடித்துப் பரப்பி வெளியே விட்டிருக்கும். இறுகிய சீமெந்தும் அதன் மேலுள்ள பிளாஸ்டிக் பெயின்றும் வழியை மூடிவிடுவதால், தண்ணீர் கீழ்நோக்கி வடிந்து அடிமரத்தின் மேல் போய்த் தேங்குகிறது. சிலிக்கோனால் அடைத்தால் இன்னும் மோசம்; அது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்ததும் தண்ணீர் புகுவதற்கு வாசலும் வெளியேறுவதற்குப் பூட்டும் ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பெயின்ற் தோலுக்குள் மரம் உக்கிக்கொண்டிருக்கும்.

இதைக் கடைக்காரரின் பிழை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் இடம் தரவில்லை. அவர் சொல்ல நான் ஏன் உடனே நம்பினேன் என்று பின்னாளில் யோசித்தேன். எங்கள் ஊர்களில் மண்வீட்டிலிருந்து கல்வீட்டுக்கு ஏறுவதற்கு ஒரு தலைமுறை உழைத்தது. பெண் கொடுக்கும்போது கல்வீடா மண்வீடா என்று கேட்டார்கள். கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள் அனுப்பிய முதற்காசு சீமெந்துப் பையாகத்தான் மாறியது. அப்படி வந்த எங்களுக்கு, வங்கியில் 25 ஆண்டுக் கடன் எடுத்து வாங்கிய வீட்டின் சுவரில் மண் இருக்கிறது என்பது கூச்சமாக இருக்கிறது. வருகிற சனத்துக்குத் தெரியாமல் அதை மூட வேண்டும்போல இருக்கிறது. அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. நான் பூசிய சீமெந்தில் பாதி அதுதான். ஆனால் இத்தகைய வீடுகளில் பல, அன்றைய நகர வணிகர்களும் கைவினைஞர்களும் தங்கள் செல்வத்தைக் காட்டக் கட்டியவை. ஹில்டஸ்ஹைம் நகரத்தின் சந்தைச் சதுக்கத்தில் இறைச்சி வணிகர் சங்கத்தார் 1529இல் கட்டிய மாளிகை மரச்சட்டத்தால் ஆனதுதான். 1945 மார்ச் 22ஆம் தேதிக் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. அந்த இடத்தில் போருக்குப் பின் எழுந்த விடுதியை இடித்துவிட்டு, 1980களின் பிற்பகுதியில் பழைய மாளிகையை அதே முறையில், ஓக் சட்டங்களை மரப் பொருத்துகளால் கூட்டி மீண்டும் எழுப்பினார்கள். இந்த நாட்டவர் தங்கள் பெருமைக்குரியதாக எண்ணும் ஒரு முறையில் அமைந்த வீட்டையே நாங்கள் வைத்திருக்கிறோம்.

இன்னும் பழையதைப் பார்க்க விரும்பினால் க்வெட்லின்பூர்க் நகரத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். 2,000க்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் உள்ள அந்த நகரத்தின் பழைய பகுதி 1994 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் ஒன்று. அங்கே வோர்ட்காஸ என்ற தெருவில் 14ஆம் நூற்றாண்டு வீடொன்று ஃபாக்வேர்க் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதில் தூண்கள் அடியிலிருந்து கூரை விளிம்புவரை ஒரே மரமாகப் போகின்றன. பிற்காலத்தவர் ஒவ்வொரு மாடியையும் தனிப் பெட்டிபோலச் செய்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். அப்போதுதான் மேல்மாடி கீழ்மாடியைவிடத் தெருப்பக்கம் தள்ளி நிற்கும் தோற்றம் வந்தது. அந்தத் தள்ளல் மேலே இடம் கூட்டியது, கீழ்ச்சுவருக்குக் குடையுமானது. ரூர்ப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஹட்டிங்கன் நகரம் பக்கத்தில் இருக்கிறது. 1611இல் கட்டிய ‘இஸ்திரிப்பெட்டி வீடு’ அங்கே ஒடுங்கிய முகத்தோடு நிற்கிறது. அதைச் சுற்றி வந்து சட்டங்களை எண்ணிப் பார்த்தால், நான் இவ்வளவு சொல்லியதைக் கண்ணாலேயே விளங்கிக்கொள்ளலாம்.

சட்டங்கள் எல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்றும் பிடிவாதம் வேண்டாம். சோலிங்கன், ரெம்ஷைட் பக்கத்தில் வீடு வாங்கியவர்கள் மழைக்காற்று அடிக்கும் பக்கத்துச் சுவரில் கருஞ்சாம்பல் சிலேட்டுத் தகடுகள் மீன் செதில்போல அடுக்கியிருப்பதைக் காண்பீர்கள். அது அந்தப் பகுதியின் மழைக்கு அந்தப் பகுதி மனிதர்கள் கண்ட மருந்து. ‘உள்ளே அழகான மரம் இருக்கிறது’ என்று அதைக் கழற்றாதீர்கள். சில வீடுகளின் சட்டங்கள் தொடக்கத்திலிருந்தே பூச்சுக்குள் இருப்பதற்காகச் செய்த மெல்லிய மரங்கள். அவற்றைத் திறந்துவிடுவதும் கேடுதான். மரத்துக்குக் கறுப்புத்தான் அடிக்க வேண்டும் என்பதும் கட்டாயமல்ல. பழைய பூச்சுகளைச் சுரண்டிப் பார்த்தால் செங்காவியும் மஞ்சளும் சாம்பலும் கிடைப்பதுண்டு. எந்த நிறமானாலும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பூச்சாக இருக்கட்டும்.

வீட்டின் உட்புறத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. குளிருக்குப் பயந்து உட்சுவரில் ரெஜிஃபோம் என்ற பிளாஸ்டிக் நுரைப் பலகை ஒட்டி, அதற்கு மேல் ஜிப்சம் பலகை அடித்தவர்களை எனக்குத் தெரியும். அறையின் சூடான ஈரக்காற்று பலகை இடுக்குகளால் ஃபோமுக்குப் பின்னே போய், குளிர்ந்த மரத்தில் பட்டு நீராகிறது. அதோடு பழைய யன்னல்களைக் கழற்றிக் காற்றே புகாத பிளாஸ்டிக் யன்னல்களையும் போட்டால், எங்கள் அடுப்படிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் நாள்தோறும் சோறு வடிக்கிறோம், குழம்பு கொதிக்க வைக்கிறோம், இடியப்பம் அவிக்கிறோம். ஒரு நாளில் எங்கள் அடுப்படியில் எழும் நீராவி பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிழமையில் எழுப்புவதைவிட அதிகம். ஆவியை வெளியே தள்ளும் விசிறி கட்டாயம் வேண்டும். வீட்டுக்குள்ளேயே சுற்றிவிடும் வகை உதவாது. சுவருக்குச் சூடு வேண்டுமென்றால் மெல்லிய மரநார்ப் பலகையை இடைவெளி விடாமல் களிமண் சாந்தில் பதித்து, மேலே களிமண் பூசும் முறை இருக்கிறது. அதன் தடிப்பைத் தெரிந்தவரிடம் கணக்குப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கூடப் போட்டால் கூட நல்லது என்ற எண்ணம் இந்தச் சுவர்களுக்குப் பொருந்தாது.

காசு விடயத்தில் எங்களவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வீடு நினைவுச்சின்னப் பட்டியலில் இருந்தால், வெளியிலோ உள்ளேயோ கை வைப்பதற்கு முன் உங்கள் பகுதியின் டெங்க்மால் (நினைவுச்சின்னப் பாதுகாப்பு) அலுவலகத்தில் அனுமதி எடுப்பது சட்டம். பலர் அந்த அலுவலகத்துக்குப் பயந்து இரவோடிரவாக வேலை செய்கிறார்கள். பயப்படாதீர்கள். அந்த அனுமதிதான் வரிச்சலுகைக்கும் கதவு. வேலை தொடங்குவதற்கு முன்பே அலுவலகத்தோடு பேசி ஒப்புதல் பெற்று, முடிந்த பின் அவர்களிடமிருந்து சான்றிதழும் வாங்கினால், சொந்த வீட்டில் வசிப்பவர் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தச் செலவில் ஆண்டுக்கு 9 வீதம்வரை, 10 ஆண்டுகளுக்கு வருமானத்தில் கழிக்கலாம். வாடகைக்கு விடுபவர் முதல் 8 ஆண்டுகள் 9 வீதம்வரையும் அடுத்த 4 ஆண்டுகள் 7 வீதம்வரையும் கழிக்கலாம். வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு போனால் இந்தச் சலுகை இல்லை. நான் அப்படித்தான் இழந்தேன். வெப்பச் சேமிப்புச் சட்டத்தின் கட்டாயங்களும் இத்தகைய வீடுகளுக்குத் தளர்த்தப்படலாம் என்பதையும் அங்கேயே கேட்டறியுங்கள்.

எங்கள் கட்டடத் தொழிலாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் இரவு பகலாக உழைக்கிறீர்கள். உங்கள் கைத்திறமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் வீட்டுக்காரர் ‘தம்பி, சீமெந்து பூசிவிடு’ என்று கேட்டால், ‘அண்ணை, இந்தச் சுவருக்கு அது சரிவராது’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். களிமண் பூச்சும் சுண்ணாம்பு வேலையும் கற்பிக்கும் பயிற்சிகள் இந்த நாட்டில் இருக்கின்றன; அந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு, தேடுபவர்கள் அதிகம். உங்கள் தாத்தாமார் அறிந்திருந்த தொழில் இது. அதைக் கற்றுக்கொண்டால் உங்களுக்கு நல்ல கூலியும் கிடைக்கும்.

ஏற்கனவே சீமெந்து பூசிவிட்டவர்கள் கலங்க வேண்டாம். மழை விட்ட இரண்டு மூன்று நாள் கழித்துத் தெருவில் இறங்கி அடிமரத்தைப் பாருங்கள். மரத்தைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் தச்சரைக் கூப்பிடுங்கள். அடிமரத்தோடு ஒட்டிப் பூந்தொட்டியோ விறகோ வைத்திருந்தால் இன்றே அகற்றுங்கள். காலப்போக்கில் தெரு உயர்ந்து, கல்வரிசை புதைந்து, மழைத்துளி தெறித்து மரத்தில் படும் நிலையில் பல வீடுகள் இருக்கின்றன; உங்களுடையதும் அப்படியா என்று பாருங்கள். மரமும் சுவரும் சேரும் இடத்தில் சிலிக்கோன் இருந்தால் அதைக் கீறியெடுப்பது ஒரு பின்னேர வேலைதான்.

எங்கள் வீட்டில் தச்சர் மாடியை முட்டுக்கொடுத்துத் தாங்கி, உக்கிய அடிமரத்தில் இரண்டு மீற்றரை மட்டும் அறுத்தெடுத்து, பழைய வீடொன்றில் கழற்றிய ஓக்கை அதே முறையில் படிவெட்டிப் பொருத்தினார். நல்லதாக இருந்த பகுதியை அவர் தொடவில்லை. புதிய துண்டிலும் உளியால் தன் இலக்கத்தை வெட்டினார். 2009இல் நாங்கள் தட்டியெடுத்த மண் தோட்டத்து மூலையில் கிடந்தது. நான் எறியாமல் விட்டது என் திறமையால் அல்ல, சோம்பலால். அவர் அதைக் கண்டதும் முகம் மலர்ந்தார். களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்தால் மீண்டும் குழையும். சீமெந்து ஒருமுறை இறுகினால் முடிந்தது. 1768ஆம் ஆண்டு வீட்டின் மண்ணையே ஊறவைத்து, புது வைக்கோல் நறுக்கிப் போட்டு, நானும் என் மகளும் காலால் மிதித்துக் குழைத்து, அதே கட்டங்களில் அப்பினோம்.

தெருப்பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்களில் என் சீமெந்து மிச்சமிருக்கிறது. வரும் வைகாசியில், உறைபனி நின்ற பிறகு, அவற்றை உடைத்து மண் அடைக்கப் போகிறோம். மரச்சட்ட வீடு வைத்திருக்கும் யாராக இருந்தாலும், வாங்கும் எண்ணத்தில் இருந்தாலும், வந்து பாருங்கள்; பழைய உடுப்போடு வாருங்கள், மண் மிதிக்க ஆள் வேண்டும். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
மரச்சட்ட வீடொன்றில் வாழும் உங்களில் ஒருவன்